ஏழாவது பிழை

தொலைக்காட்சியில் இப்போது வருவது எதுவும் பார்க்கும்படியாக இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் கேட்கிற எல்லாக் கேள்விக்கும் பதில் இங்கிருந்துதான் தொடங்குகிறது. கண்ணாடியைக் கழற்றிவிடலாம் அல்லவா? பேசுவதற்கு எனக்குக் கண்ணாடி வேண்டாம். இப்படி மடக்கி ஓரமாக வைக்கிறேன். கையெழுத்துப் போடும்போது மாட்டிக்கொள்கிறேன்.

போன மாதம் ஒரு துப்பறியும் தொடர் பார்த்தேன். எட்டுப் பாகம், எட்டிலும் மழை. துப்பறிகிறவருக்கு ஒரு குடை வாங்க வக்கில்லை. மனைவி விட்டுப்போய்விட்டாள், அதனால் வீட்டில் விளக்குப் போட மாட்டார். பிணத்துக்குப் பக்கத்தில் முட்டிபோட்டு உட்கார்ந்து காற்றை மோந்து பார்க்கிறார், உடனே கொலைகாரன் இடதுகைக்காரன் என்று தெரிந்துவிடுகிறது. வீட்டை விட்டுக் கிளம்புகிற கதாநாயகி பெரிய பெட்டியை ஒற்றைக் கையில் தூக்கிக்கொண்டு மாடிப்படி இறங்குகிறாள். பெட்டி ஆடுகிற ஆட்டத்திலேயே உள்ளே ஒரு கைக்குட்டைகூட இல்லை என்று தெரிகிறது. எல்லோரும் காபி குடிக்கிறார்கள், ஒருவர் டம்ளரிலும் காபி இல்லை. காலி டம்ளரைத் தூக்குகிற மணிக்கட்டு வேறு, நிறைந்த டம்ளரைத் தூக்குகிற மணிக்கட்டு வேறு. இதைக்கூடப் பார்க்காமல் ஜனங்கள் உட்கார்ந்து மூக்கைச் சிந்துகிறார்கள்.

ஆவணப்படம் என்று ஒன்று எடுக்கிறார்களே, அது இன்னும் மோசம். தொடராவது தன்னைப் பொய் என்று ஒத்துக்கொள்கிறது. இது உண்மை என்று சொல்லிக்கொண்டு பொய் சொல்கிறது. ஆகாயத்திலிருந்து ஒரு சாலையைக் காட்டுவார்கள். சாலைக்கும் கொலைக்கும் ஒரு சம்பந்தமும் இருக்காது. பியானோவில் ஒரே கட்டையை யாரோ தட்டிக்கொண்டே இருப்பார். செத்துப்போனவருடைய உறவினரை ஜன்னலோரம் நிற்கவைத்து வெளியே பார்க்கச் சொல்வார்கள். என்னையும் அப்படித்தான் நிற்கவைத்தார்கள். வெளியே பக்கத்து வீட்டுக்காரர் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். அதை நான் தாங்க முடியாத துக்கத்தோடு பார்த்ததாகப் படத்தில் வருகிறது.

என் அக்காவின் சாவைப் பற்றிய படம் அது. நான்கு பாகம், 'மருந்து நேரம்' என்று பெயர். அக்காவைப் பார்த்துக்கொள்ள வந்த நர்ஸ் மாத்திரையை அளவுக்கு மேல் கொடுத்துக் கொன்றாள் என்று தீர்ப்பாகி மூன்று வருடம் ஆகிறது. அவளுடைய மேல்முறையீடு அடுத்த மாதம் வருகிறது. அதிலும் தோற்றால் அவள் வெளியே வரும்போது அவளுடைய மகளுக்கே தலை நரைத்திருக்கும். அந்த மகளையும் படத்தில் காட்டினார்கள். சித்தி வீட்டில் வளர்கிறாள். அம்மா தப்புச் செய்யவில்லை என்று அழுதுகொண்டே சொல்கிறாள். ஒரு ஷாட்டில் பின்னல் வலது தோளில் கிடக்கிறது, அடுத்த ஷாட்டில் இடது தோளில். அழுகையைப் பாதியில் வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

உங்கள் கோப்பில் என்னை 'ஓய்வு பெற்ற தொலைக்காட்சி ஊழியர்' என்று போட்டிருக்கிறீர்கள். ஊழியர் என்றால் விளக்குத் தூக்கினவரும் ஊழியர்தான். நான் முப்பத்தொரு வருடம் கன்டினியூட்டி பார்த்தவன். ஒரு காட்சியைத் திங்கட்கிழமை பாதி எடுப்பார்கள், வியாழக்கிழமை மீதி எடுப்பார்கள். திரையில் அது ஒரே நிமிடம். திங்கட்கிழமை டம்ளரில் எத்தனை விரற்கடை தண்ணீர் இருந்ததோ அத்தனையே வியாழக்கிழமையும் இருக்க வேண்டும். சட்டைப் பொத்தான், திறந்த கதவு, எரிந்த மெழுகுவத்தி, நடிகையின் நெற்றியில் விழுந்த முடி, எல்லாம் என் நோட்டில் படமாக இருக்கும். என் காலத்தில் ஒரு டம்ளர் ஒரு மயிரிழை நகர்ந்தது கிடையாது. எனக்கு 'டம்ளர்' என்றே பட்டப்பெயர். கேலிக்குத்தான் வைத்தார்கள். ஆனால் நான் இல்லாமல் ஒருவரும் கேமராவைத் தொட்டதில்லை.

ஓய்வு பெற்ற பிறகு அக்காவோடுதான் இருந்தேன். இருவருக்கும் குடும்பம் என்று வேறு கிடையாது. வீடு அக்காவுடையது. பின்னறையில் நானும் என் இருநூற்றுச் சொச்சம் நோட்டுகளும். அக்கா இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் விழுந்ததும் நர்ஸ் வந்தாள். நல்ல பெண்தான், வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. பகல் இரண்டு மணிக்கு மாத்திரையும் பழச்சாறும் கொடுப்பாள். இரண்டரைக்கு மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவந்து சித்தியிடம் விடக் கிளம்புவாள். நான்கு மணிக்குத் திரும்பி வருவாள். அந்த இடைவெளியில் அக்கா தன்னுடைய தொடரைப் பார்ப்பார். சனி, ஞாயிறில் மறுஒளிபரப்பு வரும்போது அக்காவும் நர்ஸும் சேர்ந்து பார்ப்பார்கள்.

அந்தத் தொடரைப் பற்றிப் பேசவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஒருத்தி தன் கூடப்பிறந்த தங்கையை எட்டு வருடமாக அடையாளம் தெரியாமல் அவளுக்கே அதே வீட்டில் சமைத்துப் போட்டுக்கொண்டிருக்கிறாள். தங்கை செய்துகொண்ட மாற்றம், தலைமுடியை வேறு பக்கம் வகிடெடுத்தது. இதைப் பார்த்து அக்கா அழுவார், நர்ஸும் அழுவாள். நான் பொறுமையாகத் தப்புகளை எடுத்துச் சொல்வேன். கடிகாரம் நிற்கிறது பார், காலண்டரில் போன வருடம் பார், மாமியார் கையில் இருந்த கரண்டி எங்கே போயிற்று பார். ஆரம்பத்தில் அக்கா கேட்டுக்கொண்டார். பிறகு நான் அறைக்குள் நுழைந்தாலே இருவரும் பேச்சை நிறுத்தினார்கள். நான் வெளியே போனதும் சிரிப்புச் சத்தம் கேட்கும்.

ஒருநாள் அக்கா முகத்துக்கு நேராகவே சொன்னார்.

"நீ டம்ளரைத்தான்டா பாக்குற. நாங்க ஆளைப் பாக்குறோம். சின்ன வயசுலேருந்தே உனக்கு ஆள் கண்ணுக்குத் தெரியாது."

நர்ஸ் தலையைக் குனிந்துகொண்டாள். ஆனால் தோள் குலுங்கியது. நான் பார்த்தேன்.

இதற்காகவா என்று கேட்கிறீர்கள். இல்லை. இப்படி அற்பக் காரணத்தைப் பிடித்துக்கொள்வது நீங்கள் பார்க்கிற தொடர்களில்தான் நடக்கும். அதற்குப் பிறகு இரண்டு விஷயம் நடந்தது. அக்காவின் மருந்து நேரத்தை எழுத ஒரு தாள் வேண்டியிருந்தது. நர்ஸ் என் நோட்டிலிருந்து ஒரு பக்கத்தைக் கிழித்து அட்டையில் செருகி மேசைமேல் வைத்திருந்தாள். பின்பக்கம் நான் பத்தொன்பது வருடத்துக்கு முன் வரைந்த சாப்பாட்டு மேசை. கேட்டதற்கு, "அம்மாதான் எடுத்துக்கச் சொன்னாங்க சார், எல்லாம் பழசுதானேன்னாங்க" என்றாள். இரண்டாவது, அந்த வாரமே அக்கா என்னைக் கூப்பிட்டுப் பின்னறையைக் காலி செய்யச் சொன்னார். நர்ஸும் மகளும் அங்கே குடிவரப் போகிறார்களாம். நான் மாடி அறைக்குப் போக வேண்டுமாம். நோட்டுகளுக்கு மாடியில் இடம் இல்லை, பழைய பேப்பர்காரனை வரச் சொல்லியாகிவிட்டது என்றார். சிடுசிடுப்பாகச் சொல்லவில்லை, அன்பாகத்தான் சொன்னார். தனக்குப் பிறகும் நர்ஸும் மகளும் அங்கேயே இருக்கலாம் என்று ஒரு தாளில் எழுதி மேசை டிராயரில் வைத்திருந்தார். அந்தத் தாளை உங்கள் ஆட்களிடம் எடுத்துக் கொடுத்தது நான்தான். நர்ஸுக்குக் காரணம் இருந்தது என்று நிரூபிக்க அது மிகவும் உதவியதாக அரசு வக்கீல் என் கையைப் பிடித்து நன்றி சொன்னார்.

பேப்பர்காரன் வெள்ளிக்கிழமை வருவதாக இருந்தது. நான் வியாழக்கிழமை பகல் ஒரு மணிக்கே கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

வீட்டிலிருந்து எட்டு நிமிட நடை. கண்ணில் சொட்டு மருந்து விட்டு, பாவை விரிவதற்காக ஒன்றரை மணி நேரம் கண்ணை மூடி உட்காரச் சொல்வார்கள். பெரிய கூடம், நாற்பது ஐம்பது பேர், அத்தனை பேரும் கண்ணை மூடிக்கொண்டு. யோசித்துப் பாருங்கள், இதைவிட நல்ல இடம் எந்தத் தொடரிலாவது எந்த எழுத்தாளனுக்காவது தோன்றியிருக்கிறதா? அவர்களுக்கு முகமூடி வேண்டும், கள்ளச்சாவி வேண்டும், இரட்டைப் பிறவி வேண்டும். நான் என் கண்ணாடிக் கூட்டை டோக்கனோடு நாற்காலிமேல் வைத்துவிட்டு எழுந்து நடந்தேன். சொட்டு மருந்து விடுகிற பெண் கோர்ட்டில் வந்து, சார் ஐந்து மணி வரைக்கும் அங்கேயேதான் இருந்தார் என்று சத்தியம் செய்தாள். அவள் பார்த்தது கூட்டை. எனக்கு ஆள் கண்ணுக்குத் தெரியாது என்று அக்கா சொன்னாரே, ஊரில் யார்தான் ஆளைப் பார்க்கிறார்கள்.

தெருவில் வெயில் கண்ணைக் குத்தியது. மருந்து விட்ட கண்ணுக்குத் தூரத்தில் இருப்பது தெரியும், கிட்டத்தில் இருப்பதெல்லாம் கலங்கும். இரண்டே முக்காலுக்கு அக்காவின் அறை வாசலில் நின்றேன். உள்ளே காலை வைப்பதற்கு முன் அறை முழுவதையும் மனதில் பிடித்துக்கொண்டேன். இது வேலையில் வந்த பழக்கம். கட்டிலருகே சின்ன மேசை. நடுவில் பழச்சாறு டம்ளர், மூன்று விரற்கடை. பக்கத்தில் பழச்சாறு கூஜா, மூடி கொஞ்சம் திறந்து. இடது பக்கம் மருந்து அட்டை, அதில் இரண்டு மணிக்கு நர்ஸ் எழுதிய வரி. அந்த வரியின் மேல் அக்காவின் கண்ணாடி, விரித்தபடி, குப்புற. அக்காவின் கண்ணாடிக்கு ஒரு கை ஆட்டம் கண்டிருந்தது. நூல் சுற்றி வைத்திருந்தார்கள். மடக்கினால் நூல் நழுவிவிடும் என்று நர்ஸ் அதை மடக்கவே விடமாட்டாள். அது எப்போதும் காலைப் பரப்பிக்கொண்டு பூச்சி மாதிரிக் கிடக்கும். எனக்கு அதைப் பார்த்தாலே எரிச்சல்.

அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தார். "என்னடா அதிசயம், இந்நேரத்துக்கு வந்திருக்க. கண்ணு என்ன இப்படிச் செவந்திருக்கு?" என்றார். மருந்து விட்டிருக்கிறார்கள் என்றேன். பொய் சொல்லவில்லை. டம்ளரை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய் மாத்திரைகளைக் கரைத்துக்கொண்டு வந்தேன். எத்தனை என்பது உங்கள் மருத்துவ அறிக்கையில் இருக்கிறது, அதில் தவறு இல்லை. நானே பிடித்துக் குடிக்கவைத்தேன். கசக்கிறது என்றார். பழம் சரியில்லை என்றேன்.

பிறகு பக்கத்தில் உட்கார்ந்து அந்தத் தொடரைப் பார்த்தேன். அன்றைக்குத்தான் தங்கையை அக்காள்காரி அடையாளம் கண்டுபிடிக்கிற கட்டம். எட்டு வருடம் இழுத்த கட்டம். அதிலும் தங்கையின் தோடு ஒரு ஷாட்டில் ஒரு காதில் மட்டும் இருந்தது, அடுத்த ஷாட்டில் இரண்டிலும் இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இப்படிக் குத்தம் சொல்லாம கூட உக்காந்து பாத்து எத்தனை வருஷமாச்சு," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நோட்டெல்லாம் இருக்கட்டும்டா. பேப்பர்காரன வேணாம்னு சொல்லிடுறேன். அவங்களுக்கு மாடியக் குடுத்துக்கலாம்," என்றார்.

ஆமாம், அப்படித்தான் சொன்னார். உங்கள் முகம் மாறுகிறது, ஆனால் இதை நான் மறைக்கவில்லையே. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போக அப்போதும் நேரம் இருந்தது. போயிருந்தால் டம்ளரைப் பற்றிக் கேட்பார்கள். நான் எப்படி அங்கே வந்தேன் என்று கேட்பார்கள். பாதிவரை எடுத்த காட்சியை நடுவில் மாற்றினால் முன்னால் எடுத்தது எதுவும் ஒட்டாது. எங்கள் தொழிலில் அதை ஒப்புக்கொள்ளவே மாட்டோம். அக்கா தூங்கிப்போனார், அந்தக் கட்டம் முடிவதற்கு முன்பே. முடிவு அவருக்குத் தெரியாமல் போனது. பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை, மழையில் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

அதன் பிறகுதான் என் வேலை. அறையை நான் வாசலில் நின்று பார்த்த மாதிரியே திருப்பி வைக்க வேண்டும். ஒன்றுகூட நகரவில்லை என்றால் யாரும் வரவில்லை என்று அர்த்தம். யாரும் வரவில்லை என்றால் கடைசியாக அங்கே இருந்தவள் நர்ஸ். அவள்மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை என்பதைப் பதிவு செய்துகொள்ளுங்கள். காட்சி அப்படி அமைந்தது, அவ்வளவுதான். கூஜாவிலிருந்து டம்ளரில் மூன்று விரற்கடைக்கு ஊற்றினேன். கிட்டத்தில் கலங்கியது, அளவு பிடிபடவில்லை. என் கண்ணாடியோ ஆஸ்பத்திரி நாற்காலியில். அக்காவின் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு பார்த்தேன், நன்றாகவே தெரிந்தது. இன்னும் நாலு சொட்டு ஊற்றி அளவைச் சரிசெய்தேன். கண்ணாடியைக் கழற்றி எடுத்த இடத்தில் வைத்தேன். நர்ஸ் வருவதற்கு முன்பே ஆஸ்பத்திரி நாற்காலிக்குத் திரும்பிவிட்டேன். அவள் நான்கு மணிக்கு வந்து பார்த்துக் கூச்சல் போட்டாள். நான் ஐந்தரைக்கு வீடு திரும்பியபோது உங்கள் ஆட்கள் படம் எடுத்து முடித்து அறையைப் பூட்டி முத்திரை வைத்திருந்தார்கள். தீர்ப்பு வந்து மூன்று வருடம் ஆகியும் ஒருவருக்கும் ஒரு சந்தேகமும் வரவில்லை. என் வேலையின் தரத்துக்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அப்புறம் இந்த ஆவணப்படம் வந்தது. மூன்றாம் பாகத்தில் அந்த அறையை அப்படியே செட் போட்டு, நடிகையைப் படுக்கவைத்து, நடந்ததை நடித்துக் காட்டினார்கள். நான் பார்த்துக்கொண்டே தலையில் அடித்துக்கொண்டேன். டம்ளர் நிறையப் பழச்சாறு. கூஜா இறுக மூடியிருந்தது. கட்டில் வேறு சுவரோரம். சுவர்க் கடிகாரத்தில் விநாடி முள் ஓடவில்லை. திரைச்சீலை பச்சை. ஊரெல்லாம் உட்கார்ந்து பார்க்கிற படத்தில், என் அக்கா செத்த அறையில், இத்தனை அலட்சியம். அன்றைக்கே சேனலுக்குக் கடிதம் எழுதினேன், பிழைகளை வரிசையாக எண் போட்டு, மொத்தம் பதினொன்று. ஏழாவது இது: கண்ணாடியை மடக்கி டம்ளருக்கு வலது பக்கம் வைத்திருக்கிறீர்கள், அது இடது பக்கம், விரித்தபடி, குப்புற, இரண்டு மணி என்று எழுதிய வரியின் மேல் கிடந்தது.

ஒரு வாரத்தில் அந்தப் படத்தை எடுத்த பெண் வீட்டுக்கே வந்தாள். மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறாள் என்று நினைத்து உட்காரச் சொன்னேன். கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு மெதுவாகத்தான் பேசினாள்.

"மீதி பத்தும் எங்க தப்புதான் சார், ஒத்துக்கறேன். ஏழாவது மட்டும் போலீஸ் எடுத்த ஃபோட்டோவுல இருக்குற மாதிரியே வச்சோம். கோர்ட்ல நர்ஸும் நீங்க எழுதின மாதிரியேதான் சொல்லியிருக்காங்க. நான் கெளம்பறப்போ கண்ணாடி விரிச்சு அட்டை மேல இருந்துச்சு, இப்ப மடக்கி இருக்கு, நடுவுல யாரோ வந்துட்டுப் போயிருக்காங்கன்னு. அத யாருமே காதுல போட்டுக்கல. ரெண்டு மணிக்கு எழுதின வரி மேல இருந்தத நீங்க எப்ப சார் பாத்தீங்க?"

சாட்சி சொல்ல வந்தவர்களை முறை வரும்வரை கோர்ட்டுக்கு வெளியேதான் உட்காரவைப்பார்கள். நர்ஸ் அப்படிச் சொன்னது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அந்தப் பிழையை விட்டிருப்பேனா என்று கேட்டால், விட்டிருக்க மாட்டேன். அந்தப் பெண் நேராக உங்களிடம் வந்தாள். நீங்கள் என்னைக் கூப்பிட்டீர்கள். நர்ஸுக்காக மனம் இளகி நான் ஒப்புக்கொள்வதாக எழுதாதீர்கள், அது தொடர்களில் வருகிற அசட்டுத்தனம். அவள் வெளியே போகட்டும், போய் மகளுக்குப் பின்னல் போடட்டும், எனக்கு ஒன்றும் இல்லை. நான் ஒப்புக்கொள்வது என் வேலையில் இல்லாத பிழையை என் தலையில் கட்டுகிறீர்கள் என்பதற்காக.

இந்தப் புகைப்படத்தை நேற்றிலிருந்து நாலு தடவை காட்டிவிட்டீர்கள். டம்ளர் மூன்று விரற்கடை, சரி. கூஜா மூடி, சரி. மருந்து அட்டை, சரி. கண்ணாடி மட்டும் வலது பக்கம் மடங்கிக் கிடக்கிறது, நூல் நழுவித் தொங்குகிறது. இது நான் வைத்தது இல்லை. முப்பத்தொரு வருடத்தில் ஒரு பொருளைக்கூட இடம் மாற்றி வைத்தவன் இல்லை நான். உங்கள் புகைப்படக்காரர் இடிபடாமல் இருக்க மடக்கியிருப்பார். இல்லாவிட்டால் கூச்சல் கேட்டு ஓடிவந்தவர்களில் யாராவது தொட்டிருப்பார்கள். விசாரித்துப் பாருங்கள். வாக்குமூலத்தில் இதைத் தனி வரியாகவே எழுதச் சொன்னேன், எழுதியிருக்கிறீர்களா என்று பார்க்கிறேன். கொடுங்கள், கண்ணாடியை மாட்டிக்கொள்கிறேன். 'என் அக்காவைக் கொன்றது நான். கண்ணாடியை மடக்கியது நான் இல்லை.' சரி, இருக்கிறது. எங்கே, இங்கேயா?

போட்டுவிட்டேன். இந்தாருங்கள் உங்கள் பேனா. கண்ணாடியைக் கழற்றி, மடக்கி, வலது பக்கம் ஓரமாக வைத்தேன், வேறு ஒன்றும் செய்யவில்லையே. எதற்கு இப்படி என் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்?